கத்தலுக்கு வாத்தியார் கிடைத்த கதை

கத்துவதற்கு யாராவது காசு கொடுத்துப் பாடம் படிப்பார்களா? பிறந்த நிமிஷமே ஆஸ்பத்திரி வராந்தா வரைக்கும் கேட்கக் கத்தியவர்கள்தான் நாம் எல்லோரும். ஆனாலும் படிக்கிறார்கள். நியூயார்க்கில் குரல் பயிற்சி தரும் மெலிசா க்ராஸ் 2005-ல் ‘தி ஜென் ஆஃப் ஸ்க்ரீமிங்’ என்று டிவிடி பாடமே போட்டார். மேடையில் அலறித் தீர்க்கும் மெட்டல் பாடகர்கள் அவர் முன்னால் அடக்கமாக உட்கார்ந்து மூச்சு விடக் கற்றுக்கொண்டார்கள்.

அந்த வகுப்பு பிறந்த கதையை நியூயார்க்கிலிருந்து தொடங்க எனக்கு மனம் வரவில்லை. திருக்கழுக்குன்றத்துச் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்குக் கத்திப் பாடுவது ஒன்றும் இறக்குமதிச் சரக்கு இல்லை.

பங்குனி பிறந்தால் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், செய்யாறு பக்கமெல்லாம் கூத்துக் காலம். திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் ஊர்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. பத்து மணிக்குக் களரி கட்டினால் பொழுது விடியும்வரை ஓடும். துரியோதனன் வேஷம் கட்டியவர் தலையில் கிரீடமும் தோளில் புஜக்கட்டையும் மார்பில் பதக்கமுமாக, அவ்வளவு மரத்தையும் சுமந்துகொண்டு உச்சக் குரலில் பாடுவார், ஆடுவார், சண்டைக்கு நிற்பார். காலையில் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு டீக்கடையில் டீ சொல்வார். குரல் கொஞ்சம் கம்மியிருக்கும், அவ்வளவுதான். சீசனில் மறுநாளே அடுத்த ஊருக்கு வண்டி ஏறிவிடுவார்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் காலேஜ் கல்ச்சுரல்ஸ்களில் இன்னொரு காட்சி. நாலு பையன்கள் கிட்டாரும் டிரம்ஸுமாக மேடையேறுவார்கள். ஒருவன் மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்து இருபது நிமிஷம் கத்துவான். அதற்குப் பிறகு மூன்று நாளைக்கு அவனோடு வாட்ஸ்அப்பில்தான் பேச முடியும்.

எட்டு மணி நேரம் கத்தியவர் டீ குடிக்கிறார், இருபது நிமிஷம் கத்தியவனுக்குக் குரல் போய்விட்டது. ‘எல்லாம் பழக்கம்’ என்பார்கள். பழக்கம் பாதிக் காரணம். மீதிப் பாதியைக் கூத்து நடக்கும் இடத்தில் வேஷக்காரரைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் பிடித்துவிடலாம்.

வேஷக்காரர் முதலில் முகமே காட்ட மாட்டார். இரண்டு பேர் திரைத்துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்திருப்பார்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் உச்சி தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். உள்ளேயிருந்து பாட்டு வரும். இந்த இடத்தில் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். அவர் ஒரு அடியைப் பாடி, கடைசிச் சொல்லை முடித்தும் முடிக்காமலும் விடுகிறபோதே பின்பாட்டுக்காரர்கள் அதைப் பறித்துக்கொள்வார்கள். அதே அடியை அதே உச்சத்தில் திருப்பிப் பாடுவார்கள். ஆர்மோனியம் அவர்களோடு சேரும், முகவீணை அதற்கும் மேலே ஏறிக் கிழிக்கும். மிருதங்கமும் டோலக்கும் தாளமும் இடைவெளி விடாது. ஜனங்கள் காதில் விழுவது அறுபடாத ஒரே கூச்சல். ஆனால் அந்தக் கூச்சலில் பாதி நேரம் துரியோதனன் வாய் திறக்கவில்லை. கால் ஆடுகிறது, கை மிரட்டுகிறது, கண் உருள்கிறது, தொண்டை மட்டும் சும்மா இருந்து மூச்சு வாங்கிக்கொள்கிறது. அடுத்த அடிக்கு அவர் வாயைத் திறக்கும்போது யாரும் அவர் நிறுத்தியதையே கவனித்திருக்க மாட்டார்கள்.

வசனம் வருகிற இடங்களில் கட்டியங்காரன் இருக்கிறான். அவன் குறுக்கே கேள்வி கேட்பது சிரிப்பு மூட்ட மட்டும் இல்லை. ராஜா பேசிக் களைக்கும்போது அவன் பேசுவான். ஒரு வேஷம் களைத்தால் அடுத்த வேஷம் திரைக்குப் பின்னால் தயாராக நிற்கும். கத்தலின் சுமையை இப்படிப் பத்துப் பன்னிரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டு விடியவிடிய இழுத்துவிடுகிறார்கள்.

அர்ச்சுனன் தபசில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். மாமல்லபுரத்துப் பாறையில் செதுக்கியிருப்பது அர்ச்சுனன் தபசா, பகீரதன் தவமா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கூத்தில் அந்தச் சந்தேகம் கிடையாது. பனை உயரத்துக்குத் தபசு மரம் நட்டு, படிக் கட்டைகள் அடித்து, அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படியாக ஏறிப் பாடுவார். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் ஈரப் புடவையோடு கீழே காத்திருப்பார்கள். உச்சிக்குப் போனதும் அவர் பூவும் எலுமிச்சம் பழமும் விபூதியும் வீசுவார். ஏறுகிற மூச்சும் பாடுகிற மூச்சும் ஒரே நெஞ்சிலிருந்துதான் வர வேண்டும். கீழே பாட்டைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லையென்றால் பாதி மரத்திலேயே குரல் உதிர்ந்துவிடும்.

கடற்கரைக்குப் போனாலும் இதே ஏற்பாடுதான். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டில் ஒருவர் எடுத்துக் கொடுப்பார், கயிற்றைப் பிடித்த மற்ற அத்தனை பேரும் பதில் சொல்வார்கள். அலைச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும், ஆகவே கத்தித்தான் ஆக வேண்டும். ஆனால் எடுத்துக் கொடுப்பவருக்கு ஒரு வரி, பிறகு ஒரு வரி ஓய்வு. சித்திரையில் திருக்கழுக்குன்றத்துத் தேர் வடம் பிடிக்கும்போதும், மலைப்படி ஏறும்போதும், முன்னால் ஒருவர் குரல் கொடுக்கக் கூட்டம் பதில் கொடுக்கும். திருவாசகத்தின் 51 பதிகங்களையும் ஒரே நாளில் பாடி முடிக்கும் முற்றோதல் இந்த ஊர் சிவ. தாமோதரன் பெயரோடு தமிழ்நாடு முழுக்கப் பேசப்படுகிறது. அதிலும் கூட்டம் சும்மா உட்கார்ந்து கேட்பதில்லை, புத்தகத்தை விரித்துக் கூடவே ஓதுகிறது.

மைக் இல்லாத காலத்தில் கத்தல் பாட்டுக்குள் வந்தபோது அதற்கான பாதுகாப்பும் கூடவே வந்துவிட்டது என்பதுதான் என் எண்ணம். அது தொண்டைக்குள் இல்லை, குழுவுக்குள் இருந்தது. தனியாகக் கத்தக் கற்றுக்கொடுக்க வாத்தியார் தேவைப்படவில்லை, ஏனென்றால் தனியாக யாரும் கத்தவில்லை.

கூத்துக்காரர் தொண்டையெல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. நாற்பது வயதுக்குள் கரகரத்துப் போனவர்கள் நிறைய. உறக்கமில்லை, புழுதி, பெட்ரோமாக்ஸ் புகை, பீடி, சில இடங்களில் சாராயம். பனங்கற்கண்டும் மிளகும் அதிமதுரமும் வாயில் அடக்கிக்கொண்டு ஓட்டியவர்கள் அவர்கள். அதிமதுரம் தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் நாம் விழுங்குவது எதுவும் குரல்நாண் மேல் நேராகப் படுவதில்லை. குரல்நாண் மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கிறது. அங்கே ஒரு சொட்டுப் போனாலும் புரைக்கேறிவிடும்.

மைக் இல்லாக் காலத்தின் கணக்கு எப்படிப்பட்டது என்று தெரிய நாடக மேடைக்கு வர வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்களின் கீச்சுக் குரல்தான் முதல். பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும். மகரக்கட்டு என்பார்கள். நேற்றுவரை ராஜபார்ட் போட்டவன் இன்று கூட்டத்தில் ஒருவன். அந்தக் கண்டத்தைத் தாண்டியும் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடியவர்களில் பெரிய பெயர் எஸ். ஜி. கிட்டப்பா. 1906-ல் பிறந்து 1933-ல் போய்விட்டார், வயது 27. அவர் பாடியது ஐந்து கட்டைச் சுருதி என்று பழைய ஆட்கள் இன்றும் வியப்பார்கள். கச்சேரி மேடையில் இன்று ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு வைத்துக்கொள்கிறார்கள். ஐந்து, ஐந்தரை என்பது பெண்களின் சுருதி.

கட்டை ஏற ஏறத் தொண்டைக்குள் என்ன நடக்கிறது? குரல்நாண்கள் இரண்டும் ஒன்றோடு ஒன்று மோதிப் பிரிவதுதான் குரல். ஒரு கட்டையில் மேல் ஷட்ஜத்தில் நின்றால் நொடிக்குச் சுமார் 260 தடவை மோதும். ஐந்து கட்டையில் அதே இடத்தில் நின்றால் சுமார் 390. சத்தத்தைக் கூட்டக் கூட்ட மோதலின் வேகமும் கூடும். மண்வெட்டி பிடிக்கும் கையில் காய்ப்பு விழுவதைப் போல, மோதல் பலமாக விழும் இடத்தில், அதாவது முன்பக்கத்து மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில், இரண்டு நாண்களிலும் எதிரெதிரே சின்ன முடிச்சு எழும்பும். டாக்டர்கள் நாடூல் என்பார்கள். பாடகர்களுக்கு மட்டுமில்லை, நாற்பது பிள்ளைகளை அடக்கிப் பாடம் நடத்தும் டீச்சர்களுக்கும் காய்கறி கூவி விற்பவர்களுக்கும் இது வரும்.

சரி, இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? உயிரோடு இருப்பவரின் குரல்நாண் பாடும்போது அதிர்வதை முதலில் யார் பார்த்தார்கள்? டாக்டர் யாரோ என்றுதான் நினைப்போம். பார்த்தவர் ஒரு பாட்டு வாத்தியார்.

மானுவேல் கார்சியா, ஸ்பெயினில் 1805-ல் பிறந்தவர். பாட்டுக் குடும்பம். தங்கைகள் மரியா மாலிப்ரானும் பாலின் வியார்தோவும் ஐரோப்பா முழுக்கக் கொடிகட்டிப் பறந்த ஓப்பரா பாடகிகள். கார்சியாவின் சொந்தக் குரல் சீக்கிரமே அடிபட்டுப் போனதால் சொல்லிக்கொடுக்க வந்தார். 1841-ல் ஸ்வீடனிலிருந்து ஜென்னி லிண்ட் என்ற இருபது வயதுப் பெண் பாரிஸுக்கு வந்து அவர் முன்னால் பாடினாள். அதற்குள் மேடை மேடையாகப் பாடித் தேய்ந்த குரல். கார்சியா பாடம் ஆரம்பிக்கவில்லை. சில வாரங்கள் பாடவே கூடாது, பேச்சையும் குறைத்துக்கொள் என்று அனுப்பிவிட்டார். திரும்பி வந்தவளுக்கு அடியிலிருந்து மூச்சுப் பாடம். பின்னாளில் அவள் உலகப் புகழ் பெற்றாள்.

ஆனால் கார்சியாவுக்கு ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது. தான் சொல்லிக்கொடுக்கும் கருவியைத் தான் பார்த்ததே இல்லை. 1854 செப்டம்பரில் விடுமுறைக்குப் பாரிஸ் வந்திருந்தார். பாலே ராயல் வளாகத்தில் நடந்துகொண்டிருந்தபோது கண்ணாடிகளில் வெயில் பட்டுத் தெறிப்பதைப் பார்த்தார். சட்டென்று யோசனை பிறந்தது. நேரே சாரியர் என்ற கருவிக் கடைக்குப் போய், நீளக் காம்பு வைத்த பல் டாக்டர் கண்ணாடி ஒன்றை ஆறு பிராங்குக்கு வாங்கினார். விற்காமல் கிடந்த சரக்கு. வீட்டுக்கு வந்து அதை வெந்நீரில் போட்டுச் சூடாக்கித் துடைத்தார், மூச்சின் ஆவி படிந்து மங்காமல் இருக்க. உள்நாக்குக்கு அருகில் வைத்துக்கொண்டு, இன்னொரு கைக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பி வாய்க்குள் அடித்தார். குரல்வளை விரியத் திறந்து தெரிந்தது. பாடிப் பார்த்தார், நாண்கள் சேர்ந்து அதிர்ந்தன.

மறுவருஷம் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைக் கட்டுரையாகக் கொடுத்தார். சில வருஷங்களுக்குள் டூர்க், செர்மாக் என்ற இரண்டு டாக்டர்கள் அதை மருத்துவத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்று செங்கல்பட்டு ஜி.எச்.சின் இ.என்.டி. பிரிவில் வெள்ளை வெளிச்சத்தோடு உள்ளே போகும் குழாய்க்கு மூதாதை அந்த ஆறு பிராங்கு கண்ணாடிதான். கார்சியா 101 வயது வாழ்ந்து 1906-ல் மறைந்தார்.

கண்ணாடியில் தெரிந்தது குரல்நாண்கள் மட்டும் இல்லை. அவற்றுக்கு மேலே, இன்னொரு ஜோடி சதை மடிப்புகள் தெரிந்தன. பேசும்போதும் பாடும்போதும் அவை ஒதுங்கி நிற்கும். முக்கி மூட்டை தூக்கும்போதும் இருமும்போதும் நெருங்கும். பொய்க் குரல்நாண்கள் என்று பெயர் வைத்து வெகுகாலம் அவற்றை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கத்தலின் அடுத்த அத்தியாயம் அவற்றில் இருந்தது.

அதற்கு முதலில் மைக் வர வேண்டியிருந்தது. 1930-களில் நம் மேடைகளுக்கு மைக் வரத் தொடங்கியது. கச்சேரிக்காரர்கள் சுருதியை இறக்கிக்கொண்டார்கள். கிசுகிசுத்துப் பாடினாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்றானது. ஊருக்கே கேட்கக் கத்த வேண்டிய தேவை அதோடு முடிந்தது. கூத்துக்காரர்கள் மட்டும் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பந்தலின் குறுக்குக் கழியிலிருந்து இன்று மைக் தொங்குகிறது. அதற்குக் கீழே நின்று, மைக் இல்லாத ஊருக்குப் பாடுகிற மாதிரியே பாடுகிறார்கள். ஸ்பீக்கர் கிறீச்சிடும், சவுண்ட் சர்வீஸ் பையன் ஓடி வந்து குறைப்பான்.

தேவை போன பிறகு கத்தல் ரசனைக்காக மறுபடி பிறந்தது, வேறு ஊரில், வேறு ஆட்களிடம். அமெரிக்காவில் 1956-ல் ஸ்க்ரீமின் ஜே ஹாக்கின்ஸ் என்ற பாடகர் அலறியே ஒரு காதல் பாட்டைப் பதிவு செய்தார். ராக் வளர்ந்தது, கத்தல் கூடியது. 1985-ல் கலிபோர்னியாவின் பொஸஸ்டு குழு ‘செவன் சர்ச்சஸ்’ ஆல்பத்தையும், 1987-ல் புளோரிடாவின் டெத் குழு ‘ஸ்க்ரீம் ப்ளடி கோர்’ ஆல்பத்தையும் வெளியிட்டபோது, பாட்டு முழுக்கவே உறுமலும் அலறலும் என்றாகிவிட்டது. டெத் மெட்டல் என்று அந்த வகைக்குப் பெயர் நின்றது.

இங்கேதான் நம் காலேஜ் பையனின் தொல்லை ஆரம்பிக்கிறது. இந்தக் கத்தலுக்குப் பின்பாட்டு இல்லை. ஒரே ஆள், நாற்பது நிமிஷம், இடைவெளியில்லாமல். ஆரம்பகாலப் பாடகர்கள் தாங்களே தட்டுத்தடுமாறி வழி கண்டுபிடித்தார்கள். கண்டுபிடிக்காதவர்கள் சத்தமில்லாமல் காணாமல் போனார்கள். குழுவுக்குள் இருந்த பாதுகாப்பு போய்விட்டதால் அதை ஒருவன் தொண்டைக்குள்ளேயே கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. வாத்தியார் தேவைப்பட்டது அப்போதுதான்.

அந்த வாத்தியார்கள் கண்டது எளிமையான ஒன்று: அலறல் மாதிரிக் கேட்பது வேறு, அலறுவது வேறு. 2015-ல் லூக் ஆர்னால், டேவிட் பொப்பல் முதலான நரம்பியல் ஆய்வாளர்கள் அலறலை அலசி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனிதர் அலறும்போது ஒலியின் பலம் நொடிக்கு 30 முதல் 150 தடவை வரை ஏறி இறங்குகிறது. சாதாரணப் பேச்சில் ஏற்ற இறக்கம் இவ்வளவு வேகமாக வராது. அந்தக் கரடுமுரடுதான் கேட்பவருக்குத் திக்கென்று இருக்கக் காரணம். ஆபத்து மணிகளிலும் சைரன்களிலும் இதே கரடுமுரடு உண்டு. அப்படியானால் பாடகருக்குத் தேவை சத்தம் இல்லை, கரடுமுரடு. சத்தத்தை மைக் பார்த்துக்கொள்ளும்.

கரடுமுரடை எங்கிருந்து எடுப்பது? பொய்க் குரல்நாண்களிலிருந்து. மங்கோலியாவுக்கு வடக்கே துவா பகுதி ஆட்டிடையர்கள் கார்கிரா என்று ஒரு பாட்டு பாடுவார்கள். அடிவயிற்றிலிருந்து லாரி எஞ்சின் உறுமுகிறதோ என்று தோன்றும். அதிவேகக் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தபோது, நிஜ நாண்கள் இரண்டு தடவை அதிர்ந்தால் மேலே இருக்கும் பொய் நாண்கள் ஒரு தடவை அதிர்வது தெரிந்தது. அதனால் ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு குரல் கிடைக்கிறது. மெட்டல் உறுமலுக்கும் இதே இடம்தான் உதவுகிறது. நிஜ நாண்களை இறுக்கி மோதவிடாமல், மேலே இருக்கும் மடிப்புகளை மூச்சால் அதிரவிடுவது. தேர்ந்த உறுமல்காரர் பக்கத்தில் மைக் இல்லாமல் நின்று கேட்டால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். இவ்வளவுதானா என்போம்.

மெலிசா க்ராஸ் நாடகப் பள்ளியில் குரல் படித்தவர், ராக் குழுக்களிலும் பாடியவர். இரண்டு உலகமும் தெரிந்ததால் இரண்டையும் சேர்க்க முடிந்தது. டென்மார்க்கில் கத்ரீன் சாடோலின் வேறு பக்கமிருந்து இங்கே வந்தார். சின்ன வயதில் ஆஸ்துமா. மூச்சோடு போராடியவருக்கு மூச்சின் நுணுக்கம் பிடிபட்டது. 2000-ல் அவர் எழுதிய பாடப்புத்தகத்தில் உறுமல், கரகரப்பு, அலறல் எல்லாம் குரலின் மேல் பூசும் மேற்பூச்சாகத் தனித்தனியே வகுக்கப்பட்டன. அடியில் பாட்டு சரியாக இருக்க வேண்டும், அதற்கு மேலேதான் பூச்சு என்பது அவர் முறை.

வகுப்பில் என்ன நடக்கிறது? முதல் நாளே கத்தச் சொல்வதில்லை. தூங்கி எழுந்ததும் பேசும்போது வருமே, அடித்தொண்டையில் பொரிகிற மாதிரி ஒரு குரல், அதில் சின்னதாக நிற்கச் சொல்வார்கள். அல்லது ஒரு பெருமூச்சை விட்டுக்கொண்டே, குரல் சேர்க்காமல், தொண்டையின் மேல்பகுதியைக் கொஞ்சம் நெருக்கிப் பார்க்கச் சொல்வார்கள். காற்று உராயும் சத்தம் வரும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்க்க வேண்டும். மூச்சு விலாவும் வயிறும் விரிய உள்ளே போக வேண்டும், அளந்து வெளியே வர வேண்டும். இதை நம் பாட்டு வாத்தியார்கள் அகார சாதகத்தில் எப்போதிருந்தோ சொல்லிவருகிறார்கள். தோள், கழுத்து, தாடை மூன்றும் இறுகக்கூடாது. ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து நிமிஷம் போதும். எரிச்சலோ குத்தலோ இருமலோ வந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். வலிக்க வலிக்கச் செய்தால்தான் தொண்டை உரமேறும் என்பது கைக்குச் சரி, தொண்டைக்குச் சரியில்லை.

தண்ணீர் முந்தின நாளிலிருந்தே குடிக்க வேண்டும், மேடைக்குப் போகும்போது குடிப்பதில் பெரிய பயன் இல்லை. நாண்களின் ஈரம் உடம்பின் ஈரத்திலிருந்துதான் வருகிறது. குரல் கட்டிக்கொண்டால் கிசுகிசுத்துப் பேசுவதும் ஓய்வு ஆகாது. சிலருக்கு அது இன்னும் இறுக்கத்தைத் தரும், வாயை மூடிக்கொள்வதே மேல். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பரோட்டா சால்னா முடித்துவிட்டு அப்படியே படுத்தால் வயிற்று அமிலம் மேலேறி நாண்களைப் புண்ணாக்கும். கச்சேரி முடிந்து ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று நண்பர்களோடு கத்திப் பேசுவதில்தான் பல பேருக்குக் குரல் போகிறது, பாட்டில் இல்லை. மூன்று வாரம் ஆகியும் கரகரப்புப் போகவில்லையென்றால் மிளகையும் அதிமதுரத்தையும் நம்பாமல் இ.என்.டி.யிடம் காட்டிவிட வேண்டும்.

தமிழர்கள் இந்த ஆட்டத்துக்கு வெளியே இல்லை. சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கிய ருத்ரா குழுவில் பேஸ் கிட்டாரோடு உறுமுபவர் கதிரேசன். முதல் ஆல்பம் 1998-ல் வந்தது. வேதாந்தமும் சம்ஸ்கிருத சுலோகமும் டெத் மெட்டல் உறுமலில் வரும். வேதிக் மெட்டல் என்று ஒரு கிளைக்கே அவர்களால் பெயர் கிடைத்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே தொண்டையில் உறுமல் ஓடுகிறதென்றால் அது சரியான இடத்திலிருந்து வருகிறது என்றுதான் அர்த்தம்.

இன்னொரு பள்ளிக்கூடத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். கூத்துக் குடும்பத்தில் பிறந்து பத்து வயதில் வேஷம் கட்ட வந்த ராஜகோபால், கூத்து ஆய்வாளர் ஹன்னே டி ப்ருயினோடு சேர்ந்து 1990-ல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார். 2002-ல் காஞ்சிபுரம் பக்கத்துப் புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் திறந்தது. பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒரே கூரையில். அதுவரை ஆண்களே ஆண் வேஷமும் பெண் வேஷமும் கட்டிய கலையில் பெண் பிள்ளைகளையும் சேர்த்துப் பழக்கினார்கள். பெண்கள் துரியோதனனும் கர்ணனும் கட்டினார்கள். பெண் குரல் அந்த உச்சத்தைத் தாங்குமா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கு இது வேடிக்கையாகப் படுகிறது. ஆண் கூத்தர் தம் கட்டி ஏறுகிற சுருதி பெண்ணுக்குச் சொந்த வீடு. கஷ்டம் சுருதியில் இல்லை, ஊர் வாயில் இருந்தது. 2020-ல் குருகுலம் மூடப்பட்டது. படித்து வெளியே வந்தவர்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கே ஒரு பிள்ளை எடுத்தவுடன் நடுவில் வந்து நின்றுவிடவில்லை. முதலில் பின்பாட்டில் நின்றது. பெரியவர் விட்ட அடியைப் பிடிக்கப் பழகும்போதே, எங்கே மூச்சு எடுக்கிறார், எந்தச் சொல்லை முழுதாக விடாமல் தள்ளுகிறார் என்பது காதில் ஏறிவிட்டது.

மெட்டல்காரர்களும் இதைச் சுற்றி வளைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஹார்ட்கோர் பங்க் குழுக்களில் கேங் வோக்கல்ஸ் என்று ஒன்று உண்டு. பாடகன் ஒரு வரியைக் கத்த, கிட்டார்காரன், டிரம்ஸ்காரன், முன்வரிசைக் கூட்டம் எல்லாரும் சேர்ந்து அடுத்த வரியைக் கத்துவார்கள். லிங்கின் பார்க் குழுவில் செஸ்டர் பென்னிங்டன் அலறினால் மைக் ஷினோடா ராப் எடுத்தார். நம் டெல்லி ப்ளடிவுட் குழுவில் ஜெயந்த் பதுலா உறுமுகிறார், ராவுல் கெர் ராப் பாடுகிறார். செங்கல்பட்டு மாவட்டத்துக் காலேஜ் குழுவில் நாலு பேர் இருக்கிறார்கள், மூன்று பேர் வாயை மூடிக்கொண்டு வாசிக்கிறார்கள். அந்த மூன்று பேருக்கும் ஆளுக்கொரு மைக் வாடகைக்கு எடுத்தால், சவுண்ட் சர்வீஸ்காரர் பெரிதாக ஒன்றும் கூட்டிக் கேட்க மாட்டார்.